கலப்பில் நிலைத்த இலக்கணம்: இன்றைய பெரிய அந்தமானிய மொழியின் ஒலி, இலக்கணம், சொல்லாக்கம்

1. முன்னுரை

திட்டமிட்டு உருவாக்கப்பட்ட மொழிகளும், மக்கள் ஒருவரோடொருவர் கலந்து வாழ நேர்ந்ததால் உருவான கலப்பு மொழிகளும் மொழியியலில் தனித்தனித் தலைப்புகளின் கீழ் ஆராயப்படுகின்றன. ஆயினும் இரண்டையும் நோக்கி எழுப்பத்தக்க வினா ஒன்று உண்டு. ஒரு மொழி புதிதாக அமையும்போது, அதற்குமுன் இருந்த மொழிகளின் எக்கூறுகள் கைவிடப்படுகின்றன, எக்கூறுகள் நிலைக்கின்றன என்பதே அது.

1887ஆம் ஆண்டில் இரண்டு நூல்கள் வெளிவந்தன. வார்சாவில் சாமன்ஹாஃப் தாம் அமைத்த எஸ்பெராண்டோ மொழியின் முதற்பாடநூலை வெளியிட்டார். இலண்டனில் எம்.வி. போர்ட்மன் அந்தமானிய மொழிகளுக்கான கையேடு ஒன்றை வெளியிட்டார். முன்னது ஒருவர் வகுத்த மொழி. அதன் இலக்கணம் பேசுவோர்க்கு முன்னரே எழுதப்பட்டுவிட்டது. பின்னது விவரித்த மொழிகளோ, அடுத்த நூறாண்டுக்குள் ஒன்றோடொன்று கலந்து, எவரும் திட்டமிடாத ஒரு புதிய மொழியாக உருமாறின. அம்மொழியே 'இன்றைய பெரிய அந்தமானியம்' என ஆய்வாளரால் வழங்கப்படுவது. அதன் ஒலியமைப்பு, இலக்கணம், சொல்லாக்கம் ஆகியவற்றை விளக்கி, கலப்பின்போது அதில் நிலைத்தது எது என்பதைக் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அந்தமானிய, எஸ்பெராண்டோ வடிவங்கள் இங்குத் தமிழ் எழுத்திலேயே தரப்படுகின்றன. உருபன்களின் எல்லை சிறுகோட்டால் குறிக்கப்படுகிறது. ஆங்காங்கே உச்சரிப்புக் குறிப்பும் தரப்படும்.

2. மக்களும் மொழிகளும்

பெரிய அந்தமானியர் என்பது பத்துக் குழுக்களுக்குரிய பொதுப்பெயர். வடக்கில் சாரி, கோரா, போ, ஜெரு. நடுவில் கெடே, கோல், ஜுவோய், புச்சிக்வார். தெற்கிலும் அதனையடுத்த தீவுக்கூட்டத்திலும் பேயா, பாலே எனப் பத்துக் குழுக்கள் வாழ்ந்தன. ஒவ்வொன்றுக்கும் தனிமொழி இருந்தது. அண்மையிலிருந்த மொழிகள் ஒன்றையொன்று ஒத்திருந்தன. வடகோடி மொழிக்கும் தென்கோடி மொழிக்கும் இடையே வேறுபாடு மிகுதி. ஓங்கி, ஜாரவா ஆகிய மொழிகள் இவற்றினின்றும் வேறான கிளையைச் சார்ந்தவை.

1858இல் ஆங்கில அரசு போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) தண்டனைக் குடியிருப்பை நிறுவியபோது, பெரிய அந்தமானியரின் தொகை ஏறத்தாழ ஐயாயிரம் எனப் பின்னாளில் மதிப்பிடப்பட்டது. 1877இல் பரவிய தட்டம்மையும் பிற நோய்களும் குழுக்களை ஒவ்வொன்றாக அழித்தன. 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 625 பேர். 1931இல் 90 பேர். 1961இல் 19 பேர். எஞ்சியோர் 1970ஆம் ஆண்டையொட்டி, நடு அந்தமானுக்குக் கிழக்கேயுள்ள ஸ்ட்ரெய்ட் தீவில் குடியமர்த்தப்பட்டனர். அவர்கள் பெரும்பாலும் வடக்குக் குழுக்களின் வழிவந்தோர். ஜெரு, போ, கோரா, சாரி ஆகிய நான்கு மொழிகளைப் பேசியோர் ஒரே குடியிருப்பில் மணவுறவு கொண்டு வாழ்ந்ததன் விளைவாக அமைந்ததே இன்றைய பெரிய அந்தமானியம். அதன் இலக்கணச் சட்டகம் பெரிதும் ஜெருவினுடையது. சொற்களஞ்சியமோ நான்கிலிருந்தும் வந்தது. இதனால் ஒரே பொருளுக்கு இரண்டு மூன்று சொற்கள் அருகருகே வழங்கின. எச்சொல்லைக் கையாளுகிறார் என்பதே பேசுபவரின் தாய்வழி, தந்தைவழிக் குழுக்களைக் காட்டிவிடுவதும் உண்டு.

இம்மொழியை இந்திய மானிடவியல் ஆய்வகத்தின் சார்பில் ஆராய்ந்த எஸ். மனோகரனின் நூல் 1989இல் வெளிவந்தது. அன்விதா அப்பி 2005 முதல் ஹான்ஸ் ரவுசிங் அழிநிலை மொழி ஆவணத் திட்டத்தின் ஆதரவுடன் விரிவான களப்பணி செய்து, ஆங்கிலம்–பெரிய அந்தமானியம்–இந்தி அகராதியையும், 2013இல் விரிவான இலக்கணத்தையும் வெளியிட்டார். கீழே கூறப்படும் இன்றைய மொழிச் செய்திகள் பெரிதும் அவ்விலக்கணம் நிறுவியவை. தெற்கு மொழியான பேயா பற்றிய செய்திகள் இ.எச். மேன், ஆர்.சி. டெம்பிள், போர்ட்மன் ஆகியோர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொகுத்தவற்றைச் சார்ந்தவை.

3. ஒலியமைப்பு

இன்றைய பெரிய அந்தமானியத்தில் ஏழு உயிர் ஒலியன்கள் உள்ளன. இகரம், உகரம், அகரம் ஆகிய மூன்றோடு, எகர வகையில் இரண்டும் ஒகர வகையில் இரண்டும் உண்டு. எகர வகையில் ஒன்று வாய் குறுகிப் பிறப்பது. மற்றொன்று வாய் அகன்று பிறப்பது. ஒகர வகையிலும் அவ்வாறே. தமிழில் எகரத்தையும் ஏகாரத்தையும் பிரிப்பது மாத்திரை. அந்தமானியத்தில் இரு எகரங்களைப் பிரிப்பது வாயின் அங்காப்பு. எனவே தமிழின் எ, ஏ என்னும் இரு எழுத்துகளையும் அம்மொழியின் இரு ஒலிகளுக்குப் பங்கிட்டுவிடுதல் பிழையாக முடியும்.

வெடிப்பொலிகள் இதழ், பல், வளைநா, அண்ணம், கடையண்ணம் என ஐந்து பிறப்பிடங்களில் அமைகின்றன. பல்லொலிக்கும் வளைநா ஒலிக்கும் இடையிலான வேறுபாடு பொருள் வேறுபடுத்துவது. தகரமும் டகரமும் வேறாதலைச் செவியாலேயே உணரும் தமிழர்க்கு இது எளிது. இரண்டையும் ஓர் எழுத்தால் குறித்த ஐரோப்பியப் பதிவுகளில் இவ்வேறுபாடு புலப்படுவதில்லை. ஒலிப்புடைமையும் மூச்சொலியும் பொருள் வேறுபடுத்துவன. இவ்விரண்டையும் தமிழ் எழுத்து காட்டாது. இதழிடை மூச்சு வெடிப்பொலி, பேசுபவருக்கேற்ப இதழ் உரசொலியாகவும் ஒலிக்கும். ஒரு தலைமுறைக்குள் பல மொழியினர் கலந்த சமுதாயத்தில் இத்தகைய ஊசலாட்டம் இயல்பானதே.

மூக்கொலிகளுள் ங் சொல்லின் முதலில் வருவது குறிப்பிடத்தக்கது. தொல்காப்பியம் ஙகரத்தை மொழிமுதல் எழுத்தாகக் கொள்ளவில்லை. நன்னூல் சுட்டு, வினாக்களின் பின் வரும் 'ஙனம்' என்பதை நோக்கி அதற்கு இடமளித்தது. அந்தமானியத்திலோ முன்னிலை ஒருமையைக் காட்டும் முன்னொட்டே ங்- ஆதலால், அன்றாடப் பேச்சில் எண்ணற்ற சொற்கள் இவ்வொலியால் தொடங்குகின்றன.

4. உடல்வகுப்பு முன்னொட்டுகள்

தொடரமைப்பில் இம்மொழி எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்னும் வரிசையைக் கொண்டது, ஒட்டுநிலையைச் சார்ந்தது. இவ்வளவில் தமிழறிந்தார்க்கு இது புதிதன்று. புதிதாவது, சொல்லின் முன்னே வந்து ஒட்டும் உடல்வகுப்பு முன்னொட்டுகளின் தொகுதியே. மனித உடல் ஏழு பகுதிகளாக வகுக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு முன்னொட்டு அமைகிறது.

அ- : வாயும் அதன் பொருள் விரிவும்
எர்- : உடலின் பெரிய புறவுறுப்புகள்
ஒங்- : விரல் முதலிய உடலின் கடைநுனிகள்
உத்- : உடலிலிருந்து தோன்றுவன, முழுமை–பகுதி உறவு
எ- : உள்ளுறுப்புகள்
அரா- : பாலுறுப்புகளும் வட்ட வடிவினவும்
ஒ- : காலும் அதனைச் சார்ந்தவும்

(எர்- என்பதன் எகரம் அகன்றது, எ- என்பது குறுகியது.)

உறுப்புப்பெயர் ஒன்றைத் தனித்துக் கூற இயலாது. உடையவரைக் காட்டும் இடமுன்னொட்டும், அதனையடுத்து வகுப்பு முன்னொட்டும், இறுதியில் வேரும் வரவேண்டும். ட்ஹ்-எர்-சோ என்பது 'என் தலை'. ங்-எர்-சோ என்பது 'உன் தலை'. யாருடையதும் அல்லாத தலையைக் குறிக்க வெறும் வேரை மட்டும் கூறுதல் வழக்கன்று.

இம்முன்னொட்டுகள் உறுப்புப்பெயர்களோடு நின்றுவிடவில்லை. வினை, பெயரடை, வினையடை ஆகியவற்றின் முன்னும் இவை வருகின்றன. அங்கே இவை உறுப்பைக் குறிப்பதில்லை. உறுப்பின் இயல்பிலிருந்து விரிந்த பொருளைத் தருகின்றன. ஒங்- கையால் செய்யும் செயலையும், எ- உள்ளே நிகழ்வதையும் உணர்வையும், எர்- முன்பக்கத்தையும் தோற்றத்தையும் சுட்டும். உறுப்பின் பெயராகத் தொடங்கியது இலக்கண உருபாக மாறிவிட்டதற்கு இதுவே சான்று.

ஐரோப்பிய இலக்கண மரபில் பயின்றோரை இவ்வமைப்பு பெரிதும் திகைக்கவைத்தது. மேனும் டெம்பிளும் 1877இலேயே கிறித்தவ வழிபாட்டு வாசகம் ஒன்றைத் தெற்கு அந்தமான் மொழியில் பெயர்த்து இலக்கணக் குறிப்புகளுடன் வெளியிட்டிருந்தனர். 1882இல் இலண்டன் மொழியியற் கழகத்தின் தலைவர் அலெக்சாண்டர் எல்லிஸ் தம் தலைமையுரையில் இவ்வாய்வுகளை அறிமுகப்படுத்தினார். இலத்தீன் இலக்கணத்தின் சொல்வகைகள் இம்மொழிக்குப் பொருந்தாமையால் டெம்பிள், சொல்லை விடுத்துத் தொடரையே அடிப்படையாகக் கொண்ட 'பொது இலக்கணக் கோட்பாடு' ஒன்றைத் தாமே வகுத்து 1899இல் வெளியிட்டார். அதன் தலைப்பு இம்மொழிகளைக் காட்டுமிராண்டி மொழிகள் என்று குறித்தது. அவற்றை விவரிக்கப் புதிய இலக்கணமே தேவைப்பட்டது என்பதை எண்ணும்போது அத்தலைப்பின் பொருந்தாமை விளங்கும். அவர் வகுத்த கலைச்சொற்கள் வழக்கில் நிலைக்கவில்லை. திரட்டிய சான்றுகளோ இன்றும் பயன்படுகின்றன.

5. சொல்லாக்கம்

பேயா மொழிச் சான்றுகளில் உடல்வகுப்பு முன்னொட்டின் சொல்லாக்க ஆற்றல் தெளிவாக விளங்குகிறது. யோப் என்னும் வேர் நெகிழ்வு, மென்மை என்னும் பொருளை அடியாகக் கொண்டது.

ஒத்-யோப் : (திண்டு, கடற்பஞ்சு போல) உருண்டு மெத்தென்றிருப்பது
ஒதோ-யோப் : (பிரம்பு போல) வளையக்கூடியது
அகா-யோப் : (கழி, எழுதுகோல் போல) கூர்மையானது
ஆர்-யோப் : (விழுந்த மரம் போல) இற்றுப்போனது

கூர்மையும் மென்மையும் ஒரே வேரிலிருந்து பிறப்பது முதலில் முரணாகத் தோன்றலாம். பொருளின் பாதியை முன்னொட்டே தருகிறது என்பதை ஏற்றால் அம்முரண் நீங்கும்.

மனிதப் பண்புகளைக் குறிக்கும் சொற்களில் இது மேலும் புலனாகும். பேரி-ங என்பது 'நல்ல' என்னும் பொருளது (பகரம் ஒலிப்புடையது).

உன்-பேரி-ங : கை நல்ல, அதாவது, திறமையான
இக்-பேரி-ங : கண் நல்ல, அதாவது, கூர்ந்த பார்வையுடைய
அகா-பேரி-ங : நா நல்ல, அதாவது, மொழிகளில் வல்ல
ஒத்-பேரி-ங : தலை அல்லது நெஞ்சு நல்ல, அதாவது, நற்குணமுடைய

(இங்குள்ள உன்- கையின் வகுப்பைக் காட்டும் முன்னொட்டு, தமிழ் முன்னிலைச் சொல்லோடு தொடர்பற்றது.)

எஸ்பெராண்டோவில் பொனா என்பது 'நல்ல'. மல்- என்னும் முன்னொட்டைச் சேர்த்தால் மல்-பொனா 'தீய' ஆகும். இம்முன்னொட்டு ஏறத்தாழ எப்பண்புச் சொல்லையும் எதிர்ப்பொருளாக்கும். கற்பவருக்கு எளிமை வேண்டும் என்பதற்காக அவ்வாறு வகுக்கப்பட்டது. பேயா முன்னொட்டு செய்யும் வேலை வேறு. நன்மை எங்கே அமைந்துள்ளது, கையிலா, கண்ணிலா, நாவிலா, நெஞ்சிலா என்பதை அது தெரிவிக்கிறது. இரண்டிலும் விதி ஒழுங்கானதே. முன்னதில் அவ்வொழுங்கை அமைத்தவர் இன்னார் என்று கூறலாம். பின்னதில் அவ்வாறு கூற எவருமில்லை.

தமிழிலும் இதனையொத்த வழக்கு இல்லாமலில்லை. கைதேர்ந்தவர், வாய்வீச்சு, கண்ணோட்டம், நெஞ்சுரம் போன்ற தொடர்களில் உறுப்புப்பெயர் பண்பின் இடத்தைச் சுட்டுகிறது. உண்மை, வாய்மை, மெய்ம்மை ஆகிய மூன்றையும் முறையே உள்ளம், வாய், உடம்பு ஆகியவற்றோடு சேர்த்துப் பொருள் விரிப்பது தமிழ் மரபு. ஆயினும் தமிழில் இவை சொற்களஞ்சியத்தைச் சார்ந்தவை. 'தேர்ந்தவர்' என்று மட்டும் கூறினாலும் தொடர் இலக்கணமாகவே அமையும். அந்தமானியத்தில் முன்னொட்டு பல இடங்களில் விலக்க இயலாத கட்டாயம்.

6. கிழமைப் பொருள்: தமிழோடு ஓர் ஒப்பீடு

உறுப்புப்பெயர்க்கு முன்னொட்டு ஏன் கட்டாயமாகிறது என்பதைத் தமிழ் இலக்கண மரபின் துணைகொண்டு விளக்கலாம். ஆறாம் வேற்றுமையின் கிழமைப் பொருளைத் தமிழ் இலக்கணிகள் தற்கிழமை, பிறிதின்கிழமை என இரண்டாகப் பகுத்தனர். 'சாத்தனது கை' தற்கிழமை. 'சாத்தனது வீடு' பிறிதின்கிழமை. கை சாத்தனின்று பிரியாதது, வீடு பிரியக்கூடியது. இப்பகுப்பு பொருளளவில் நிற்கிறது. உருபு இரண்டிற்கும் ஒன்றே.

அந்தமானியத்தில் இப்பொருள் வேறுபாடு வடிவிலும் வெளிப்படுகிறது. உறுப்பு, உறவு போன்று உடையவரினின்று பிரிக்க இயலாதவை வகுப்பு முன்னொட்டை ஏற்கின்றன. வில், படகு போன்று பிரிக்கக்கூடியவை வேறு உடைமை வடிவை ஏற்கின்றன. தமிழ் இலக்கணிகள் கண்டுணர்ந்த பொருட்பாகுபாட்டை உருபாகவே கொண்ட மொழி எனப் பெரிய அந்தமானியத்தைத் தமிழ் மாணவர்க்கு அறிமுகப்படுத்தலாம். சினைவினை முதலொடு முடிதலைத் தொல்காப்பியம் தனியே எடுத்துரைப்பதும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. முதலும் சினையும் கொள்ளும் உறவு இலக்கணத்தைப் பாதிக்கும் என்பது தமிழ் மரபுக்கு நெடுநாள் அறிமுகமான கருத்து.

7. கலப்பில் நிலைத்தது

வணிகத் தொடர்பாலோ கட்டாயக் குடியேற்றத்தாலோ மொழிகள் கலக்கும்போது உருபனியல் பெரிதும் எளிமையாவதைக் கலப்பு மொழிகள் பலவற்றில் காணலாம். பால், எண், இடம் காட்டும் உருபுகள் உதிர்வது இயல்பு. ஸ்ட்ரெய்ட் தீவில் சிலரே பேசிய ஒரு மொழியில் ஏழு வகுப்புகள் கொண்ட கட்டாய முன்னொட்டுத் தொகுதி முதலில் உதிர்ந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே. அது உதிரவில்லை.

இதற்கான காரணத்தை மொழிப்பெயர்களிலேயே காணலாம். பழைய பதிவுகளில் இம்மொழிகள் அகா-பேயா, அகா-ஜெரு, ஒகோ-ஜுவோய், அ-புச்சிக்வார் எனக் குறிக்கப்பட்டுள்ளன. அகா-, ஒகோ-, அ- ஆகிய மூன்றும் வாயைச் சார்ந்த வகுப்பின் முன்னொட்டுகளே. மொழி வாயிலிருந்து பிறப்பதாதலின் அதன் பெயர் அவ்வகுப்பில் அமைந்தது. வடிவு மொழிதோறும் வேறுபட்டது. வகுப்பு எல்லாவற்றிலும் ஒன்றாகவே இருந்தது. எனவே இம்மொழியினர் ஒரே குடியிருப்பில் கூடியபோது, எவரும் புதிய பாகுபாட்டைக் கற்க வேண்டியதில்லை. பழைய பாகுபாட்டை இழக்க வேண்டியதுமில்லை. மாற்றுருபுகள் பலவற்றுள் ஒன்று தெரிந்தெடுக்கப்பட்டது, ஏனையவை வழக்கொழிந்தன. சொற்களும் ஒலிகளும் ஊசலாடிய அக்காலத்தில் இலக்கணப் பாகுபாடு ஊசலாடாமல் நின்றதற்கு இதுவே காரணமெனக் கருதலாம்.

ஆகவே இன்றைய பெரிய அந்தமானியத்தைப் பழைய மொழிகளின் சிதைவு என்று கூறுவது பொருந்தாது. ஆய்வாளர் வசதிக்காகப் படைத்துக்கொண்ட மொழி என்பதும் பொருந்தாது. ஒப்பான உள்ளமைப்புடைய மொழிகள் கலந்ததால், கலப்பிலும் அவ்வுள்ளமைப்பைக் காத்துக்கொண்ட மொழி என்பதே அதன் இயல்பைச் சரியாக உணர்த்தும்.

8. மொழிபெயர்ப்பாளர் கவனத்திற்கு

மேற்கூறியவற்றிலிருந்து மொழிபெயர்ப்பாளர்க்கும் அகராதியாளர்க்கும் சில நடைமுறைச் சிக்கல்கள் எழுகின்றன.

முதலாவது, தலைச்சொல் சிக்கல். முன்னொட்டை முதலாகக் கொண்டு அகரவரிசைப்படுத்தினால் யோப் என்னும் ஒரே வேரின் வடிவங்கள் நான்கு இடங்களில் சிதறும். வேரை முதலாகக் கொண்டால், உறுப்புப்பெயர்களைப் பொறுத்தவரை, பேசுவோர் தனித்துச் சொல்லாத ஒரு வடிவம் தலைச்சொல்லாகிவிடும். வேரின் கீழ் எல்லா வடிவங்களையும் தொகுத்து, முழு வடிவங்களை அவற்றுக்குரிய இடத்தில் குறுக்குக் குறிப்பாகத் தருவதே தக்க வழி.

இரண்டாவது, ஒருசொல் நிகரன் சிக்கல். 'நல்ல' என்னும் தமிழ்ச்சொல்லைப் பெயர்க்க முற்படுபவர் முதலில் எவ்வகை நன்மை என்று முடிவுசெய்ய வேண்டும். மூலத்தில் அது குறிப்பாக விடப்பட்டிருந்தாலும், இலக்குமொழி அக்குறிப்பை வெளிப்படுத்தக் கோரும். மறுதலையாக, அம்மொழியிலிருந்து தமிழுக்கு வரும்போது 'கை நல்ல' எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் தமிழில் வேறு பொருள் தோன்றும். 'திறமையான' என்று மட்டும் எழுதினால் உடலைச் சார்ந்த அடிப்பொருள் மறையும். மூலவடிவம், உருபனுக்கு உருபன் பொருள், தெளிந்த தமிழாக்கம் என மூன்று வரிகளாகத் தருவது இவ்விரு இழப்பையும் தவிர்க்கும்.

மூன்றாவது, எழுத்துப்பெயர்ப்பு. வளைநா ஒலிகளுக்கும் மொழிமுதல் ஙகரத்திற்கும் தமிழெழுத்து போதுமானது. ஒலிப்புடைமை, மூச்சொலி, அங்காப்பு வேறுபாடு ஆகியவற்றிற்கு அது போதாது. தனிக்குறியீடு அல்லது குறிப்பு இன்றியமையாதது.

நான்காவது, செய்தி மொழிபெயர்ப்பில் காணப்படும் ஒரு பிழை. போ மொழியின் இறுதிப் பேச்சாளரான போவா சீனியர் 2010 ஜனவரி 26 அன்று மறைந்தபோது, 65,000 ஆண்டுப் பழமையுடைய மொழி அழிந்தது என உலகச் செய்தித்தாள்கள் எழுதின. அத்தீவுகளில் மக்கள் குடியேறிய பழமையைப் பற்றிய ஒரு மதிப்பீடு, மொழியின் வயதாக மாற்றப்பட்டுவிட்டது. எந்த மொழியும் மாறாமல் அத்தனை காலம் நிற்பதில்லை. போ மொழியும் தன் அண்டை மொழிகளைப் போலவே தலைமுறைதோறும் மாறிவந்த மொழிதான். அதன் மறைவை இழப்பாகக் கருதுவதற்கு அவ்வெண் தேவையுமில்லை.

9. முடிவுரை

சாரி மொழியை அறிந்தவரும் அப்பியின் ஆய்வுக்குத் துணைநின்றவருமான லிச்சோ 2020 ஏப்ரலில் மறைந்தார். அப்போது பெரிய அந்தமானியச் சமுதாயத்தின் தொகை ஏறத்தாழ ஐம்பது. அன்றாட வாழ்வில் அவர்கள் பேசுவது அந்தமான் இந்தி. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, அந்தமான் நிக்கோபார் தீவுகளின் மக்கள்தொகையில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர். இருப்பினும் இத்தீவுகளின் பழங்குடி மொழிகள் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை மிகக் குறைவு.

இம்மொழிக்கு இனி எஞ்சியிருப்பன ஒலிப்பதிவுகளும் அகராதியும் இலக்கண நூலும் பழைய பதிவுகளுமே. சமுதாயத்தின் இளையோர் தம் மொழியை அறிய விரும்பும் நாளில் அவர்களுக்கு உதவப்போவன அவை. அவற்றைப் பிற மொழிகளுக்குப் பெயர்ப்போர் முன்னொட்டைத் தேவையற்ற ஒட்டென எண்ணி நீக்கிவிட்டால், நான்கு மொழிகள் கலந்தபோதும் உதிராது நின்ற கூறு மொழிபெயர்ப்பில் உதிர்ந்துவிடும். வகுப்பு முன்னொட்டுகளை எல்லா நிலைகளிலும் பிரித்துக் காட்டிய, தற்கிழமை–பிறிதின்கிழமைப் பாகுபாட்டை விளக்கமாகக் கொண்ட ஓர் அறிமுக இலக்கணம் தமிழில் எழுதப்படுமானால், அது தமிழ் மாணவர்க்கு மட்டுமன்றி அம்மொழியின் ஆவணங்களை இனிக் கையாளப்போகும் அனைவர்க்கும் பயன்படும்.